ஓடைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் தாயார் முதலில் என்ன செய்கிறார்? நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். நேற்று என்ன சாப்பிட்டது, இரவு தூங்கியதா என்று யோசித்துப் பார்க்கிறார். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவதெல்லாம் அதற்குப் பிறகுதான். டாக்டரும் அந்தத் தாயாரிடம்தான் முதலில் கேள்வி கேட்கிறார். ஏனென்றால் பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் அவர்தான்.

லயத்துக்குப் பின்னால் ஓடும் சிற்றோடையைத் தினமும் பார்ப்பவர்கள் யார்? தோட்டத்தில் குடியிருக்கும் நாம்தான். அந்த ஓடைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று நாமே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? முடியும் என்பதைத்தான் இன்றைய உரையில் சொல்ல இருக்கிறோம். இதற்குக் கருவி அதிகம் வேண்டாம். ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு தேயிலை வடிகட்டி, பிள்ளைகளின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்று, கொஞ்சம் பொறுமை. இவ்வளவுதான்.

ஒரு காலத்தில் குளித்ததும் துவைத்ததும் ஓடையில்தான். சனிக்கிழமை மாலை தூண்டிலோடு போய் இரவுக் குழம்புக்கு மீன் கொண்டுவந்ததும் அங்கிருந்துதான். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு ஓடையை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. குப்பை வீசப் போகும்போது மட்டும் பார்க்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு நாங்கள் மூவர் போயிருந்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். நாங்கள் போவதற்கு ஒரு வாரத்துக்கு முன் அங்கே ஓடையில் மீன்கள் செத்து மிதந்திருக்கின்றன. விடியற்காலையில் பெரட்டுக்குப் போன பெண்கள்தான் முதலில் பார்த்தவர்கள். தண்ணீர் பழுப்பாகி, புளித்த நாற்றத்தோடு ஓடியிருக்கிறது. மதியத்துக்குள் பழுப்பு வடிந்து, பழையபடி தெளிந்துவிட்டது. புகார் செய்தார்கள். மூன்றாம் நாள் ஒருவர் வந்து போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். தண்ணீரில் குறை ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது.

லயத்து மக்களுக்குக் கோபம் தாங்கவில்லை. எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்கிறார்கள் என்றார்கள். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் ஆற அமர யோசித்தால், அந்தப் போத்தல் பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஓடிய தண்ணீர் உண்மையிலேயே நல்ல தண்ணீர்தான். கெட்ட தண்ணீர் அதற்குள் பெரிய ஆற்றில் கலந்து கடலைப் பார்க்கப் போய்விட்டது. போத்தலுக்குத் தெரிந்ததெல்லாம் அது நிரம்பிய அந்த ஒரு நிமிடம்தான்.

அந்தத் தோட்டம் பால்மரமாக இருந்த காலத்திலிருந்தே அங்கு வாழ்ந்து வரும் பெரியவர் ஒருவர் எங்கள் கூடவே ஓடைக்கு வந்தார். நாங்கள் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சிரித்தார்.

"தண்ணிய ஏன் தம்பி பாக்குறீங்க? தண்ணி போயிடும். கல்லுக்கு அடியில குடியிருக்கிறது எங்க போவும்? அதப் பொரட்டிப் பாருங்க."

சொன்னதோடு நிற்காமல் எங்களை மேலே அழைத்துப் போனார். எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வரும் கால்வாய் ஓடையில் சேரும் இடத்தைத் தாண்டி, லயத்தையும் தாண்டி, மேட்டில் காட்டோரமாக ஓடை இறங்கி வரும் இடம் அது. அங்கே தண்ணீருக்குள் கையை விட்டு ஒரு கல்லைத் தூக்கிப் புரட்டினார். கல்லின் அடிப்பக்கத்தில் தட்டையான சின்னப் பூச்சிகள் பரபரவென்று ஓடின. மணலைக் கோத்துச் செய்த சிறு கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கரையோர வேர்களுக்கு நடுவே வடிகட்டியை விட்டு அலசினால் கண்ணாடி போன்ற இறால் ஐந்தாறு துள்ளின. பிறகு கால்வாய்க்குக் கீழே வந்தோம். தண்ணீர் அங்கேயும் தெளிவாகத்தான் ஓடியது. அதே போன்ற கல். புரட்டினால் வழுவழுவென்று சாம்பல் நிறப் படலம். அடியில் இருந்த சேற்றைத் தட்டில் கொட்டியபோது சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. வேறு ஓர் உயிர் இல்லை.

ஒரு வாரத்துக்கு முன் போன தண்ணீர் தன் கையெழுத்தை அங்கே போட்டுவிட்டுப் போயிருந்தது. ஒரு வாரம் என்ன, இந்தக் கழிவு அடிக்கடி வந்து கொண்டிருக்கிறது என்பதையும் அந்தச் சிவப்புப் புழுக்கள் சொல்லின. ஒரே நாளில் அத்தனை புழு சேராது.

பெரியவர் தன் அனுபவத்தில் கண்டதைத்தான் ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இரண்டு அறிஞர்களும் ஆராய்ந்து, 1908-இல் தாவரங்களைப் பற்றியும் 1909-இல் பிராணிகளைப் பற்றியும் எழுதி வெளியிட்டார்கள். எந்த அளவு அழுக்கான தண்ணீரில் எந்த உயிர் வாழும் என்பதே அவர்கள் தந்த பட்டியல். இன்று பல நாடுகளில் ஆறுகளைச் சோதிக்கும் முறைகளுக்கு அது ஒரு தொடக்கம்.

இது எப்படிப் பலிக்கிறது? மூச்சுதான் காரணம். தண்ணீருக்குள் வாழும் உயிர்களுக்கும் பிராணவாயு வேண்டும். காற்றில் அது தாராளமாக இருக்கிறது. தண்ணீரில் மிகக் கொஞ்சம்தான் கரையும். 25 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 8 மில்லிகிராம் கரையும். அவ்வளவுதான் அதன் கொள்ளளவு. வெப்பம் 30 பாகையானால் அதுவும் ஏழரைக்கு இறங்கிவிடும். கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் தண்ணீர் காற்றைச் சேர்த்துக்கொள்ளும். தேங்கி நிற்பதற்கு அந்த வசதி இல்லை. நிழலும் இதற்காகத்தான் முக்கியம். மேற்குக் கலிமந்தானில் ஆய்வு செய்து 2014-இல் வெளியிட்ட ஒரு குழுவினர், இளம் செம்பனைக் காட்டில் ஓடும் ஓடை இயற்கைக் காட்டில் ஓடும் ஓடையைவிட ஏறத்தாழ 4 பாகை சூடாக இருந்ததாகக் கண்டார்கள். கரையில் மரத்தை வெட்டினால் ஓடைக்குக் காய்ச்சல் வருகிறது என்று சொன்னால் அது வெறும் உவமை இல்லை.

இனி, கல்லுக்கு அடியில் குடியிருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்போம். இவற்றில் பலவற்றுக்கு நம் பேச்சு வழக்கில் பெயர் இல்லை. அதனால் பார்த்தவுடன் தெரியும் அடையாளத்தையே பெயராக வைத்துக்கொள்வோம்.

முதலில் மூன்றுவால் பூச்சி. அரை அங்குலத்துக்கும் குறைவாக இருக்கும். பின்னால் மயிரிழை போல மூன்று வால்கள். வயிற்றின் இருபுறமும் மெல்லிய இதழ்கள் விசிறி போல அசைந்துகொண்டே இருக்கும். அவைதான் அதன் மூச்சு உறுப்பு. இறக்கை முளைத்து வெளியே பறந்த பிறகு ஓரிரு நாளில் செத்துவிடும் இந்தப் பூச்சி, அதற்கு முன் பல வாரங்கள், சிலவகை பல மாதங்கள், தண்ணீருக்குள்ளேயே கழிக்கிறது. தண்ணீர் கெட்டால் எழுந்து போக அதற்கு இறக்கை இல்லை. ஆகவே அது அங்கே உயிரோடு இருக்கிறது என்றால் அத்தனை காலமும் தண்ணீர் நன்றாக இருந்தது என்று பொருள்.

இதைவிடக் கறாரானது இரட்டைவால் பூச்சி. அது குளிர்ந்த, கல் நிறைந்த, வேகமாக ஓடும் சுத்தமான தண்ணீரில்தான் இருக்கும். தோட்டத்து ஓடையில் அதைப் பார்த்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். அடுத்தது கூடு சுமக்கும் புழு. மணலையோ இலைத் துணுக்கையோ தன் எச்சில் நூலால் கோத்து, சட்டை போலப் போட்டுக்கொண்டு நடமாடும். பிள்ளைகளுக்குக் காட்டினால் அன்றைக்கு வீட்டுக்கு வர மாட்டார்கள்.

நடுத்தரமானவை சில உண்டு. தும்பியின் குஞ்சு, நண்டு, இறால், நத்தை ஆகியவை கொஞ்சம் அழுக்கைத் தாங்கும். ஆனால் இறாலைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். பூச்சிக்கு அடிக்கும் மருந்து இறாலுக்கும் எமன்தான். இரண்டும் ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை. இளங்கன்றில் காண்டாமிருக வண்டுக்காகத் தெளிக்கும் சைபர்மெத்ரின் போன்ற மருந்து மிகச் சிறிதளவு தண்ணீரில் கலந்தாலும் இறால் தாங்காது, மீனும் தாங்காது.

கடைசியாக அழுக்குக்கு அஞ்சாதவர்கள். சேற்றில் நெளியும் சிவப்புப் புழு ஒரு வகை ஈயின் குஞ்சு. நம் இரத்தத்தைச் சிவப்பாக்கும் பொருள் அதன் உடம்பிலும் இருப்பதால்தான் அந்த நிறம். அதை வைத்துக்கொண்டு, பிராணவாயு அருகிப்போன சேற்றிலும் அது காலம் தள்ளுகிறது. நூல் போன்ற செம்புழு ஒன்றும் உண்டு. தலையைச் சேற்றில் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். எலிவால் புழு என்றொன்று, நீண்ட குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வெளிக்காற்றை உறிஞ்சும். இவை நல்ல ஓடையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கலாம். இவை மட்டுமே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

"ஓடையில் மீன் இருக்கிறதே, பிறகென்ன?" என்று சிலர் கேட்பார்கள். எந்த மீன் என்பதுதான் கேள்வி. ஹாருவான், கெலி, பூயு, செப்பாட் இவை நான்கும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் வாழக்கூடியவை. தண்ணீரில் பிராணவாயு குறைந்தாலும் அவை பிழைத்துக்கொள்ளும். இக்கான் பண்டாராயா என்று நாம் சொல்லும் கறுப்பு முள்தோல் மீனோ தென் அமெரிக்காவிலிருந்து வந்து, மீன்தொட்டியிலிருந்து ஆற்றுக்குத் தாவியது. சாக்கடையிலும் கொழுத்து வளரும். அது நிறைய இருக்கிறதென்று யாராவது பெருமைப்பட்டால் நாம் சிரித்துக்கொள்ளலாம்.

கண்ணை ஏமாற்றும் வேறு சிலவும் உண்டு. தேங்கிய ஓரத்தில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் போல மின்னும். உடனே லாரி எண்ணெய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு குச்சியால் அதைக் கீறிப் பாருங்கள். கண்ணாடி போல உடைந்து துண்டு துண்டாக நின்றால் அது இரும்புச் சத்து மிகுந்த மண்ணில் இயற்கையாக வாழும் கிருமிகளின் வேலை. பக்கத்தில் துருப்பிடித்தது போன்ற ஆரஞ்சு நிறக் குழம்பும் இருக்கும். கீறிய பின் மறுபடி ஒன்று சேர்ந்துகொண்டால்தான் அது எண்ணெய். இன்னொன்று, கோலலங்காட், தெலுக் இந்தான் போன்ற கடலோரப் பகுதிகளில் கரிமண் நிலத்தில் ஓடும் தண்ணீர் தேயிலைச் சாயம் போலத்தான் இருக்கும். அது அந்த மண்ணின் நிறம். அங்கே கல்லும் இல்லை, சலசலப்பும் இல்லை. அங்கு இரட்டைவால் பூச்சியைத் தேடிக் காணோமென்று புகார் எழுதினால் நியாயமாகாது. அந்த வட்டாரத்தில் அதே போன்ற இன்னொரு கால்வாயோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஓடையில் உயிர் குறைந்திருக்கிறது என்று கண்டுபிடித்தால் மட்டும் போதாது. எப்படிக் குறைந்திருக்கிறது என்று பார்த்தால், என்ன நடந்தது என்பதற்கு ஓரளவு துப்புக் கிடைக்கும். ஒரே வகைப் புழு ஆயிரக்கணக்கில், மற்றவை பூஜ்யம் என்றால் அங்கே அழுகும் கழிவு சேருகிறது. புழு, பூச்சி, நத்தை எதுவுமே இல்லாமல் கல் வெறுமையாக இருந்தால் விஷம் கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். கற்களே மண்ணுக்குள் பாதி புதைந்து, புரட்ட வராமல் இருந்தால் அது மண் அரிப்பின் வேலை. செம்பனை ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை அழித்து மறுநடவு செய்யப்படுகிறது. தரையை மூடும் கொடி படர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டால், மேட்டு மண் எல்லாம் ஓடையில்தான். கற்களின் இடுக்கு அடைபட்டால் அங்கே குடியிருந்தவர்களுக்கு வீடு போய்விடுகிறது. கல்லெல்லாம் பச்சைப் பாசி நீளநீளமாகத் தொங்கினால், மழைக்கு முன் போட்ட உரம் கரைந்து வந்திருக்கும். பாசி பகலில் பிராணவாயுவைத் தரும். இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

எண்ணெய் ஆலைக் கழிவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. அது விஷம் என்று பலர் நினைக்கிறார்கள். செம்பனைக் குலையை அவித்துப் பிழியும்போது நச்சு இரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை. கழிவில் இருப்பது பழத்தின் சாறும் சக்கையும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். கிருமிகளுக்கு அது கல்யாண விருந்து. விருந்து சாப்பிடும் கிருமிகள் மூச்சு விட வேண்டுமல்லவா? தண்ணீரிலுள்ள பிராணவாயுவை எல்லாம் அவை இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சுத் திணறிச் சாகும். சுத்திகரிக்காத ஒரு லிட்டர் ஆலைக் கழிவைக் கிருமிகள் சிதைப்பதற்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் பிராணவாயு தேவைப்படுகிறது. ஓடைத் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம்தான் இருக்கிறது என்று பார்த்தோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே ஒரு லிட்டர் கழிவு மூவாயிரம் லிட்டர் ஓடைத் தண்ணீரின் மூச்சைக் குடித்துவிடக் கூடியது.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது 1974-இல். எண்ணெய் ஆலைகளுக்கான விதிகள் 1977-இல் வந்தன. அந்த 25,000 என்ற எண் 1978 ஜூலையில் 5,000 ஆகக் குறைய வேண்டும், பிறகு படிப்படியாக இறங்கி 1984-இல் 100 ஆக வேண்டும் என்று வைத்தார்கள். ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் குளங்கள் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழிவு ஒவ்வொரு குளமாகத் தங்கித் தங்கிப் போகும்போது கிருமிகள் தங்கள் விருந்தை அங்கேயே முடித்துவிட வேண்டும் என்பதற்காகத்தான் அவை. குளத்தின் கரை சரியாக இருக்கும்வரை நல்ல ஏற்பாடு. அடைமழை இரவில் கரை வழிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனி வேலை செய்யும் முறை. ஓடையில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். எந்தக் கழிவும் சேர்வதற்கு முன் மேலே ஓர் இடம். கழிவு சேர்ந்து சிறிது தூரம் தள்ளி ஓர் இடம். இன்னும் கீழே ஓர் இடம். மூன்றும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடம் கல், இன்னோரிடம் சேறு என்றிருந்தால் ஒப்பிட முடியாது. எப்போதும் கீழிடத்தில் தொடங்கி மேலே போங்கள். மேலே கலக்கினால் கீழே கலங்கிவிடும். ஒவ்வோர் இடத்திலும் பத்துக் கல்லைப் புரட்டுங்கள். கல்லுக்குக் கீழ்ப்பக்கமாக வடிகட்டியைப் பிடித்து, கல் இருந்த இடத்தைக் கையால் கிளறிவிட்டால் ஓட்டத்தில் வருவதெல்லாம் வடிகட்டியில் விழும். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதில் கொட்டிப் பார்த்து, எண்ணி, திரும்ப ஓடையிலேயே விட்டுவிடுங்கள். கல்லையும் இருந்தபடியே வையுங்கள். அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

புத்தகத்தில் தேதி, நேரம், முந்திய நாள் மழையா வெயிலா, தண்ணீரின் நிறம், மணம், என்னென்ன உயிர் எத்தனை என்று எழுதுங்கள். அந்த வாரம் உரம் போட்டார்களா, மருந்து அடித்தார்களா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. பெருவெள்ளம் வந்தால் பூச்சிகளையே அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். மாதம் ஒருமுறை போதும். ஆனால் ஒரு மாதமும் விடக் கூடாது. ஒரு நாள் எழுதிய பக்கத்துக்கு மதிப்பில்லை. பன்னிரண்டு பக்கம் இருந்தால் எந்த அதிகாரியும் நின்று படிப்பார்.

சில எச்சரிக்கைகள். மூன்றுவால் பூச்சி இருக்கிறதே என்று அந்தத் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமி தண்ணீரில் இருந்தாலும் பூச்சிக்கு ஒன்றும் ஆகாது. அது நம்மைத்தான் பிடிக்கும். எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல் தோட்டங்களில் உண்டு. காலில் புண்ணோ வெட்டோ இருந்தால் ஓடையில் இறங்க வேண்டாம். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தனியே போகக் கூடாது. மூக்கை எரிக்கும் இரசாயன நெடி வந்தால் கிட்டவே போகாதீர்கள். 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனத்தின் ஆவியாலேயே எத்தனையோ பள்ளிப் பிள்ளைகள் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட இடத்தில் பூச்சி எண்ணுவது நம் வேலையல்ல. விலகி வந்து தகவல் சொல்வதுதான் வேலை.

போத்தலை நாம் குறைத்துச் சொல்லவும் இல்லை. சுற்றுச்சூழல் இலாகா பிராணவாயு, கழிவின் அளவு, அமோனியா, மிதக்கும் மண், அமிலத்தன்மை என்று ஆறு கணக்குகளை எடுத்து, நூற்றுக்கு 81-க்கு மேல் வந்தால் சுத்தம், 60-க்குக் கீழே போனால் அசுத்தம் என்று ஆறுகளைப் பிரிக்கிறது. எந்தப் பொருள், எவ்வளவு என்று சட்டத்தின் முன் சொல்லப் போத்தலால்தான் முடியும். எந்த இடத்தில், எந்த நாளில் போத்தலைப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல நம் புத்தகத்தால் முடியும்.

அந்தத் தோட்டத்தில் புத்தகம் எழுத முன்வந்தவர் பெரியவரின் மருமகள். களைக்கு மருந்து அடிக்கும் வேலை அவருக்கு. ஏழு மாதம் விடாமல் எழுதினார். மேலே ஓர் இடம், லயத்துச் சாக்கடை சேர்ந்த பிறகு ஓர் இடம், ஆலைக் கால்வாய் சேர்ந்த பிறகு ஓர் இடம். முதல் மாதம் எழுதி முடித்ததுமே அவருக்கு ஒரு சங்கடம். குற்றவாளி ஆலைக் கால்வாய்தான் என்று எல்லாரும் நினைத்திருக்க, நடு இடத்திலேயே இறால் இல்லை. மூன்றுவால் பூச்சி இரண்டுதான். ஆலைக் கழிவு அங்கே எட்டவே எட்டாது.

எங்களிடம் புத்தகத்தைக் காட்டியபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஐயா, வேலை முடிஞ்சு பம்ப நாங்க எல்லாம் இங்கதான் கழுவுறோம். எத்தன வருசமா."

பம்பு மட்டுமில்லை. மேலே இரண்டு மாட்டுக் கொட்டகைகளின் சாணம், துவைக்கும் சவுக்காரம், எல்லாம் அந்தச் சாக்கடை வழியாகத்தான். மருந்தடிக்கும் பெண்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கழுவுவதற்கு வேறு தண்ணீர் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நம் நாடு முழுமையாகத் தடை செய்தது 2020 ஜனவரியில். அதுவரை அந்தப் பம்புகளில் என்னவெல்லாம் இருந்தது, அதை ஓடையில் கழுவிய கைகளில் என்னவெல்லாம் பட்டது என்று நினைத்தால், இறாலைப் பற்றி மட்டும் கவலைப்பட்டுக்கொண்டிருக்க முடியாது.

புத்தகத்தோடு நிர்வாகத்திடம் போனார்கள். வெறும் கோபத்தோடு போனபோது கிடைக்காத நாற்காலி இந்தத் தடவை கிடைத்தது. மூன்றாம் இடத்தில் நாற்றம் என்று எழுதியிருந்த நாள்களுக்கு முந்திய இரவெல்லாம் கனத்த மழை என்பது புத்தகத்திலேயே இருந்தது. போய்ப் பார்த்தால் கடைசிக் குளத்தின் கரை ஓரிடத்தில் சரிந்து கிடந்தது. மண் போட்டு உயர்த்தினார்கள். பம்பு கழுவுவதற்கு மருந்து கலக்கும் கொட்டகையில் குழாயும் தொட்டியும் வைத்தார்கள். மாட்டுக் கொட்டகைக்காரர்களில் ஒருவர் கொட்டகையை மேட்டுக்கு மாற்றினார். மற்றவர் இன்றுவரை மாற்றவில்லை. கரையோரம் மருந்து அடிக்காமல் விட வேண்டிய தூரத்தைக் கேட்டார்கள். 5 மீட்டருக்கும் குறைந்த அகலமுள்ள ஓடைக்கு இருபுறமும் 5 மீட்டர் விட வேண்டும் என்பது வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டி. அந்த எல்லையில் நின்ற செம்பனை மரங்களுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். அதற்கு அப்பால் பம்போடு போகக் கூடாது.

ஓடை திரும்பத் தேறுவதற்கு ஒரு வசதி இருக்கிறது. மேலே சுத்தமான பகுதி கொஞ்சமாவது மிஞ்சியிருந்தால், அங்கிருந்து பூச்சிகள் இரவில் ஓட்டத்தோடு மிதந்து கீழே வரும். இறக்கை முளைத்தவை பறந்து வந்து முட்டையிடும். அந்த அம்மாள் ஐந்தாம் மாதம் எழுதிய பக்கத்தில், நடு இடத்துக்கு நேரே "மூனுவால் 9, கூடு 4, எறா 3" என்று இருக்கிறது. ஏழாம் மாதப் பக்கத்தில் மூன்றாம் இடத்துக்கு நேரே "தும்பிக் குஞ்சு 2, செவப்புப் புழு நெறைய, எறா இல்ல" என்று எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறார்.

எட்டாம் மாதத்துக்கான பக்கத்தில் தேதியை மட்டும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார். நாங்கள் பார்த்தது அவ்வளவுதான்.